ராக்கெட் விமானத்தின் படம்

மலைமேல் ஒண்டிக்கடை சந்திப்பில் இருந்த டீக்கடையில் பக்கத்து மேசை வெள்ளைக்கார மூதாட்டி விரித்து வைத்திருந்த பழைய புகைப்படங்களைக் கண்டதும், சேலத்திலிருந்து வந்த தணிகாசலத்துக்குச் சும்மா இருக்க முடியவில்லை. போர் விமானங்கள் அவருக்கு அத்துப்படி.

“உலகப்போர் காலத்து ஜெர்மன் ராக்கெட் விமானம்” என்று ஒரு படத்தைச் சுட்டி அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் தலையசைத்தாள்.

மனைவி பக்கம் திரும்பித் தமிழில் தொடர்ந்தார். “மூக்குல குட்டிக் காத்தாடி பாத்தியா? அதேதான். எரிபொருள் கசிஞ்சா ஓட்டுறவன் சக்கரையாட்டம் கரைஞ்சிருவான். பொதைக்கக்கூட ஒண்ணும் மிஞ்சாது” என்று சிரித்தார்.

“மெதுவாப் பேசுங்க.”

“அந்தம்மாவுக்கு என்ன புரியப்போவுது?”

மூதாட்டி படங்களை அடுக்கினாள். “அறுவது வருசமா இங்க பக்கத்துல மஞ்சக்குட்டையில இருக்கறனுங்க. படத்துல விமானத்துக்குப் பக்கத்துல நிக்கறது அத ஓட்டுன எங்கப்பா. அவரு சவப்பெட்டி ஏன் அவ்வளவு லேசா இருந்துச்சுன்னு இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது.”

தணிகாசலத்தின் மனைவி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.