படகு வால்

"இந்த வாலை இன்னும் எத்தனை தடவைதான் பிரிப்பீங்க, மேஸ்திரி?"

உதய்க்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. தாத்தாவின் பழைய ஸ்பீட்ஸ்டர் காருக்கு, பின்பக்கம் படகு போலக் கூராக முடியும் மர பாடி கட்ட, பெங்களூரிலிருந்து தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் வரை தேடி வந்து தச்சு மேஸ்திரி டென்னிஸிடம் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். அதில் ஓட்டிப் போக வேண்டுமென்று ஒரு வருஷமாக ஆசை.

போன வாரம் போட்டோவில் முழுசாக இருந்த வால், இன்று பலகை பலகையாகத் தரையில் கிடந்தது.

"ஒரு பலகை எழும்பிகினு இருந்திச்சி சார்," என்றார் டென்னிஸ், முகத்தைப் பார்க்காமல்.

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. போதும். லாரி கொண்டுவந்திருக்கேன், ஏத்துங்க."

டென்னிஸ் சுத்தியலைக் கீழே வைத்தார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பக்கத்து வீட்டு பார்வதம்மா ஓடி வந்தார். லைன் வீடுகள், நடுவில் ஒரே சுவர்.

"டென்னிசு, இன்னாத்துக்குப்பா நிறுத்திட்டே? உங்க அண்ணன் எழுந்து உக்காந்துட்டாரு. சுரங்கத்துல எறங்கற கேஜ் எங்க, கீழ யாரு மாட்டிகினாங்கன்னு கேட்டுகினே கீறாரு."

உதய் புரியாமல் பார்த்தான்.

"எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் சுரங்கத்துல இருந்தவரு, சார். வேலை சத்தம் நின்னா, கீழ யாருக்கோ அடிபட்டிச்சின்னு அர்த்தம். படுக்கையில விழுந்ததுலேர்ந்து அதே நெனப்பு. இந்தத் தம்பி அடிக்கிற சத்தம் கேட்டாதான் ஷிப்டு ஓடுதுன்னு தூங்கறாரு. இன்னும் பத்து நாளு தாங்கினா பெருசுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"வெறும் கட்டைமேல தட்டிப் பாத்தேன் சார்," என்றார் டென்னிஸ். "இது வேலை சத்தமில்லடான்னு கண்டுபுடிச்சிட்டாரு. அதான் முடிஞ்ச வாலைப் பிரிச்சிப் பிரிச்சி அடிச்சேன். உங்ககிட்ட சொல்லாதது தப்புதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு இருமினார்.

உதய்க்கு வெட்கமாக இருந்தது. லாரிக்காரரைப் போகச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழமை ஊர்வலம் சார்?" என்று கேட்டார் டென்னிஸ்.

"அடுத்த வருஷமும் வரும்."

ஒரு பலகையை எடுத்துத் தடவிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

"இந்த வால் எனக்குப் பிடிக்கலை, மேஸ்திரி," என்றான். "நல்லா அடிங்க. அடிச்சு முடிச்சதும், மறுபடியும் பிரிச்சிடுங்க."