வாரிசுப் புத்தகம்

தியாகராய நகர் ஜவுளி உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. எழுபத்தெட்டு வயது அய்யாதுரை, முதலாளி நாற்காலியை மகன் கனகராஜிடம் ஒப்படைக்கப் போகிறார். குடும்பக் கடையை வாரிசுக்கு மாற்றுவது பற்றிய ஸ்பானிஷ் புத்தகத்தை, வக்கீலுக்காக மயிலாப்பூர் பத்ரிநாராயணன் இங்கிலீஷில் பெயர்த்து முடிக்க வேண்டியதுதான் பாக்கி. எட்டு வருஷமாக அதுதான் பாக்கி.

"சாமி, எனக்கே அம்பது ஆச்சு. எப்பதான் முடிப்பீக?" பத்ரிநாராயணன் வீட்டுக்கே வந்து கேட்டார் கனகராஜ்.

"அவசரப்படாதீங்கோ, சின்ன முதலாளி. வாரிசுங்கற ஒரு வார்த்தைக்கே இங்கிலீஷ்காரன் ஆறு வார்த்தை வச்சிருக்கான். எதைப் போடறதுன்னு யோசிச்சிண்டிருக்கேன். இருங்கோ, காபி கொண்டு வரேன்."

அவர் உள்ளே போனதும் கனகராஜ் மேஜைமேலிருந்த காகிதக் கட்டைப் பிரித்தார். மொழிபெயர்ப்பு கடைசி வரிவரை முடிந்திருந்தது. அடியில், எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு அப்பாவின் கையெழுத்து:

"பார்த்தேன். திருப்தி. நான் இருக்கும்வரை முடிக்க வேண்டாம். சம்பளம் மாதாமாதம் வரும்."

புத்தகம் மொத்தமே பன்னிரண்டு பக்கம்.