பெயர் நீக்கம்

அரூர் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சுசித்ரா நிமிர்ந்து பார்த்தாள். வயதான ஓர் அம்மாள், புது மஞ்சள் கயிற்றோடு ஒரு பெண், அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

“என் பேரு பெரியம்மாளுங்க. முருகேஷோட ரேஷன் கார்டுல இந்த சுகுணா பேரையும் பாப்பா பேரையும் சேர்க்கணும். முருகேஷுக்கும் இவளுக்கும் இது ரெண்டாங் கல்யாணம்.”

“பாப்பாவை என்ன உறவுன்னு போடட்டும்?”

சுகுணா தயங்கினாள். பெரியம்மாள் முந்திக்கொண்டாள். “மகள்னே போடு கண்ணு.”

சுசித்ராவுக்குத் தன் மாமியார் ஞாபகம் வந்தது. “மருமகளுக்காக இப்படி அலையற மாமியாரை இன்னைக்குத்தான் பார்க்கறேங்க.”

பெரியம்மாள் சிரித்ததோடு சரி.

“கார்டுல கோமதின்னு ஒரு பேரு இருக்குதே?”

“முருகேஷ் சம்சாரம். தவறி மூணு வருஷமாச்சு.”

“அப்ப அதை நீக்கணுமே. இறப்புச் சான்றிதழ் இருக்குதுங்களா?”

“வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றாள் சுகுணா அவசரமாக. “அவரு மனசில்லாமதான் விட்டு வெச்சிருக்காரு.”

பெரியம்மாள் பையிலிருந்து சான்றிதழை எடுத்து, மேசைமேல் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

சுசித்ரா படித்தாள். பெயர்: கோமதி. கணவர் பெயர்: முருகேஷ். தாயார் பெயர்: பெரியம்மாள்.

மவுஸ் மேலிருந்த அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது.

“அழுத்து கண்ணு. இதுக்குத்தான் சித்தேரி மலையிலிருந்து மொத பஸ்ஸுல எறங்கி வந்தேன்” என்றாள் பெரியம்மாள் நிதானமாக. “மாப்பிள்ளைக்குக் கை வரல. பேரு வெச்சவ நான்தானே, நானே எடுத்துடறேன்.”