செவலை துப்புன தானியம்

ஆத்தங்கரை மூடுபனியில ரோமாபுரிப் படை கனவு மாதிரி மெதந்துக்கிட்டு நின்னுச்சு. ஈட்டி தெரியுது, ஆளு தெரியல. கூண்டுக் கோழி தீனி தின்னாத்தான் சாமி சண்டைக்குச் சம்மதிச்சுதுன்னு அவங்களுக்கு ஒரு வழக்கம்.

"நான் தின்ன மாட்டேங்க்கா. தின்னா இந்தப் பசங்க செத்துருவானுங்க"ன்னுச்சு சின்னக்கோழி செவலை.

"நேத்துலேருந்து நம்மளப் பட்டினி போட்டிருக்கானுங்க. பாப்போம்டி உன் வீராப்ப"ன்னு சிரிச்சுச்சு பெரியகோழி கறுப்பி.

பூசாரி தானியத்த எறைச்சாரு. செவலையோட அலகு தன்னால ஒண்ணக் கொத்திருச்சு. பதறிப்போயி அதத் துப்புச்சு.

"அலகுலேருந்து தானியம் சிந்திருச்சு! இதவிட நல்ல சகுனம் கெடையாது!"ன்னு பூசாரி கத்த, படை மொத்தமும் சண்டைக்குக் கெளம்பிப் பனிக்குள்ள கரைஞ்சு போச்சு.

"வேணாம்னுதானேக்கா துப்புனேன்?"

"ஆமாடி. ஆனா நம்மளக் கேக்க வரும்போதே அவனுங்க செருப்பு வார இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வந்தானுங்க."