ஹால்வோர் மெட்டு

"அது எங்கப்பா மெட்டு. அந்த லூத்விக் திருடிட்டான்" என்றாள் ஆஸ்லாக். தேவாலய வாசலில் விழாவுக்காகச் சுட்டுக்கொண்டிருந்த வாஃபிள் அப்பம் கருகுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

இசைவிழாத் தலைவர் ஒத்வார் காபிக் கோப்பையோடு தேவாலயப் பக்கம் காதைத் திருப்பினார். உள்ளே மாலைக் கச்சேரிக்கு ஒத்திகை. மாரித் பியானோ, லூத்விக் ஹார்டாங்கர் என்னும் நார்வே நாட்டுப்புறப் பிடில். மெட்டு தொடங்கியதுமே ஆஸ்லாக்குக்குத் தெரிந்துவிட்டது.

காலமான அவள் அப்பா ஹால்வோர், ஆற்றங்கரையில் உட்கார்ந்து தானே கட்டிய மெட்டு அது. பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான் சொல்வார்கள். அதில் இரண்டே பகுதி. அவர் வாசிக்கும் மற்ற மெட்டெல்லாம் மூன்று பகுதி ஓடும். இது மட்டும் பாதிப் பேச்சில் எழுந்து போனவன் மாதிரி நின்றுவிடும். "முக்காலிக்கு மூணாவது கால் எங்கய்யா?" என்று மற்ற பிடில்காரர்கள் கேலி செய்தால், "எனக்கு வந்தது அவ்வளவுதான்" என்பார் ஹால்வோர்.

லூத்விக் யார்? ஊர் ஊராக வண்டி கட்டித் திரிந்து, தகரம் தட்டிப் பிழைத்த கூட்டத்துப் பிள்ளை. இப்போது வீடு வாசலோடு இருக்கிறான் என்றாலும், ஊர் அதையெல்லாம் மறக்குமா? போன கோடையில் ஆஸ்லாக் வீட்டுக் கொட்டகைக்குச் சிவப்பு வண்ணம் அடிக்க வந்தான். அன்று சமையலறையில் அப்பாவின் பழைய கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஏணியில் அப்படியே நின்று கேட்டதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் போனதும் வெள்ளிக் கரண்டிகளை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தன. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"கரண்டிய விட்டுட்டு மெட்ட எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றாள் இப்போது.

நாட்டுப்புற மெட்டு வாசிப்பவர்கள், அது யாரிடமிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பிடில் வில்லைக் கையில் எடுப்பார்கள். சொல்லாமல் வாசிப்பவனை யாரும் மதிக்கமாட்டார்கள். அப்பா பெயரைச் சொல்லாவிட்டால் கச்சேரி நடுவில் எழுந்து நின்று சத்தம் போடுவேன் என்றாள் ஆஸ்லாக். போடக்கூடியவள்தான் என்பது ஒத்வாருக்குத் தெரியும். லூத்விக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

லூத்விக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆஸ்லாக்கின் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சொல்லிடறேங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

"பாத்தீங்களா? குத்தமில்லாதவன்னா சண்டைக்கு வந்திருப்பான்ல?" என்றாள் ஆஸ்லாக்.

மாலையில் தேவாலயம் நிரம்பி வழிந்தது. ஆஸ்லாக் எழுந்து நிற்க வசதியாக முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

லூத்விக் பிடிலோடு முன்னால் வந்தான். "இது ஹால்வோர் வாசிச்ச மெட்டு. அவர் வாசிச்ச மாதிரியே வாசிக்கிறேன்."

முதல் பகுதி. இரண்டாம் பகுதி. குதிகாலால் அவன் தாளம் தட்டியதுகூட அப்பா தட்டியது போலவே இருந்தது. ஆஸ்லாக்கின் கண் நிறைந்துவிட்டது. இரண்டாம் பகுதி முடிந்ததும் வில்லைத் தூக்கிவிட்டான். கைதட்டல் அடங்கவே இல்லை. பின்வரிசைக்காரர்கள் எட்டி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றை அவள் கண் விடவில்லை. பியானோவில் மாரித் இசைத்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டு, லூத்விக்கைத் திகைப்போடு பார்த்து, பிறகு மெதுவாகத் தாளை மூடினாள். இரண்டு பகுதி மெட்டுக்கு அத்தனை பக்கம் எதற்கு? ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது.

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்லாக் ஒரு தட்டில் நாலு வாஃபிளும் பழுப்புச் சீஸும் எடுத்துக்கொண்டாள். நன்றி சொன்ன மாதிரியும் இருக்கும், வேவு பார்த்த மாதிரியும் இருக்கும். தேவாலயத்தின் பின்புறம் போனாள்; பின்கட்டு அறையின் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்கவே, வெளியிலேயே மழையில் நின்றுவிட்டாள்.

"மூணாவது பகுதிதான் அந்த மெட்டுக்கே அழகு. அத ஏன் விட்டீங்க?" என்று மாரித் கேட்டாள்.

"ஹால்வோர் பேரச் சொல்லிட்டேனே. அவருக்குத் தெரிஞ்சது ரெண்டுதான்."

"உங்க தாத்தா கட்டின மெட்டு. ஹால்வோருக்கு மட்டும் எப்படி ரெண்டோட நின்னுச்சு?"

லூத்விக் சிரித்தான். "தாத்தா ஒருதடவ அவங்க கொட்டகையில தங்கியிருந்தப்ப வாசிச்சிருக்காரு. போன வருஷம் நான் வண்ணம் அடிச்சேனே, அதே கொட்டகை. ஹால்வோர் அப்ப இளவட்டம். கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, கதவுக்கு வெளிய மழையில ஒளிஞ்சு நின்னிருக்காரு. தாத்தாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. பாவம், நனையறானே, போய்ப் படுக்கட்டும்னு ரெண்டாவதோட வில்லக் கீழ வெச்சிட்டாராம்."

"இத மேடையிலயே சொல்லியிருக்கலாமே?"

"அந்தக்காவுக்கு அப்பான்னா உயிரு. செத்தவர ஊர் முன்னாடி நிறுத்தி எனக்கு என்ன ஆகப்போவுது?"

ஆஸ்லாக்குக்கு முகமெல்லாம் எரிந்தது. தட்டில் வாஃபிள் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது. வந்த சுவடு தெரியாமல் போய்விடலாம் என்று ஓரடி பின்னால் வைத்தாள். காலடியில் சரளைக்கல் நொறுங்கிச் சத்தம் போட்டது.

உள்ளே பேச்சு நின்றது. பிடில் கம்பியை மெல்ல மீட்டிச் சுருதி பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு லூத்விக்கின் குரல்:

"வெளிய நின்னு நனையாதீங்கக்கா. உள்ள வந்து உக்காருங்க, மூணாவதையும் வாசிக்கிறேன்."