இயந்திரத்தின் பொட்டு

ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆயுத பூஜையன்று அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பெரிதாக வைத்தார்கள். அன்றிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அது கழுவிய பாத்திரங்களில் வெள்ளைத் திட்டு படியத் தொடங்கியது. "இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம்" என்று வீட்டுக்கார அம்மா சொன்னது அதன் காதில் விழுந்தது.

"நீ ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று கண்ணாடி டம்ளரிடம் எரிந்து விழுந்தது.

"தலைகீழாக நிற்கச் சொன்னாய், நிற்கிறேன். வெளியே வந்தால் விபூதி பூசியவன் மாதிரி இருக்கிறேன். நான் என்னப்பா செய்ய?" என்றது டம்ளர்.

அப்போது பொட்டுக்கு அடியிலிருந்து சிவப்பு விளக்கு மெதுவாகப் பேசியது.

"அண்ணே, உன் வயிற்றில் உப்பு தீர்ந்துவிட்டது. உப்பு இல்லாமல் இந்த போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை போகாது, வெள்ளைத் திட்டுதான் படியும். அதைச் சொல்லத்தான் எரிகிறேன். பொட்டு மறைக்கிறது."

"பொட்டைக் கலைப்பதா? எனக்குக் கிடைத்த மரியாதையே அதுதான்."

"சரி, மரியாதையோடு பழைய சாமான் வண்டியில் ஏறு" என்றது டம்ளர்.

பொட்டு போனால் போகட்டும் என்று இயந்திரம் அடுத்த முறை கழுவும்போது கதவிடுக்கு வழியாக ஆவியை விட்டது. குங்குமம் கரைந்து வழிந்தது. துடைக்க வந்த அம்மா விளக்கைப் பார்த்தாள்.

"அட, உப்பு கேட்டிருக்கிறதே" என்று, இயந்திரத்தோடு வந்த உப்பை உள்ளே கொட்டினாள்.

மறுநாள் பளபளவென்று வெளியே வந்த டம்ளரில் இயந்திரம் தன் வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டது.

"பரவாயில்லை, இப்படியும் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றது.