பரிவட்டத்துக்கு முந்தைய வாரம்

தேரோட்டத்தன்று முதல் பரிவட்டம் தன் தலையில் ஏறுவதால்தான் உலகம் கவிழாமல் நிற்கிறது என்பது அறங்காவலர் தாணுலிங்கத்தின் கருத்து. இப்போது அவர் கால்கள் வீங்கி, மூச்சு வாங்க டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நீர் பிரியிற மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க?"

"இளநி, வாழைப்பழம் ஆகாதுன்னீங்க. விட்டுட்டேனே."

"நான் மாத்திரையக் கேக்கிறேன்."

"தேர் முடியட்டும்னு நிப்பாட்டிட்டாக, டாக்டர்" என்றாள் மனைவி ஆவுடையம்மாள்.

"இப்படியே விட்டா, தேரைப் பாக்க ஆளு இருக்க மாட்டாரு. தேருக்கும் மாத்திரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

தாணுலிங்கம் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"பரிவட்டம் கட்டுகையில சட்டை போடப்படாதுல்லா" என்றாள் அவள்.

"சட்டையக் கழட்டுங்க" என்றார் டாக்டர். "வேற மாத்திரை இருக்கு. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் மெதுவாகக் கழற்றினார். மாத்திரை தொடங்கிய நாலாம் மாதத்திலிருந்து அவருக்குப் பெண்களைப் போல மார்பு வளர்ந்திருந்தது.